சூப்பர் ஃபாமிகாம் காட்டிய காட்சிகள்

ஒரு கலைப்பொருளின் சிறப்பை அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. அது நம் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகிறது என்று பார்ப்பது ஒன்று. எத்தகைய கருவிகளைக் கொண்டு அது ஆக்கப்பட்டது என்று பார்ப்பது மற்றொன்று. கற்றளி ஒன்றைக் காண்போர் அதன் அழகில் உடனே ஈடுபடுகின்றனர். உளியும் சுத்தியலும் கையுழைப்பும் கொண்டே அது எழுந்தது என்று எண்ணும்பொழுதுதான் வியப்பு முழுமை அடைகிறது. இவ்விரண்டு வழிகளையும் ஒருங்கே கைக்கொள்ளாமல் எந்தக் காலத்துப் படைப்பையும் நேர்மையாக மதிப்பிட இயலாது.

மாணவ நண்பர்களே, இந்த உண்மையை விளக்குவதற்கு உங்களுக்குப் பழக்கமான துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவிகளை நீங்கள் அறிவீர்கள். பழைய கருவி ஒன்றில் வெளிவந்த விளையாட்டுகளுள் மிகச் சிறந்த காட்சியைக் காட்டியது எது என்று நண்பர்கள் கூடுமிடத்தில் வழக்காடுவதும் உண்டு. விளையாட்டுச் செய்திதானே என்று இதனை ஒதுக்கிவிட வேண்டா. சிறிய பொருளைக் கொண்டு பெரிய காரியத்தைச் சாதித்தவர்களின் வரலாறு அதனுள் அடங்கியிருக்கிறது. அத்தகைய கருவிகளுள் ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனத்தார் செய்த சூப்பர் ஃபாமிகாம் என்னும் கருவியை இன்று எடுத்துக்கொள்வோம்.

இக்கருவி 1990ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இதனை வடிவமைத்த பொறியாளர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உயெமுரா என்பவர். மறு ஆண்டு அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோ என்ற பெயரால் இது அறிமுகமாயிற்று. அதற்கு முன்னரே, 1988இல், சேகா நிறுவனத்தார் மெகா டிரைவ் என்னும் கருவியை வெளியிட்டிருந்தனர். கணக்கிடும் வேகத்தில் மெகா டிரைவே முந்தியது. அதன் மூளைச் சில்லு வினாடிக்கு ஏறத்தாழ 76 இலட்சம் துடிப்புகள் கொண்டது. சூப்பர் ஃபாமிகாமின் சில்லோ ஏறத்தாழ 36 இலட்சம் துடிப்புகளையே எட்டியது. ஆனால் வண்ணத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. சேகாவின் கருவியில் 512 வண்ணங்களே உண்டு. நின்டெண்டோவின் கருவியில் 32,768 வண்ணங்களிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கணக்கில் மெதுவானது, வண்ணத்தில் செழிப்பானது என்று இதன் இயல்பைச் சுருங்கக் கூறிவிடலாம்.

இக்கருவி படம் காட்டிய முறையைச் சற்று விளக்க வேண்டும். அதன் திரை பெரும்பாலும் குறுக்கே 256 புள்ளிகளும் நெடுக்கே 224 புள்ளிகளும் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் 57,344 புள்ளிகள் வரும். படத்திற்கென ஒதுக்கப்பட்ட நினைவகமோ 64 கிலோபைட் அளவே. புள்ளி ஒன்றுக்கு ஒரு பைட் வீதம் முழுத் திரைக்கும் தனித்தனியே வண்ணம் தீட்டத் தொடங்கினால், அசையாத ஒரே ஒரு படத்திலேயே அந்த நினைவகம் ஏறக்குறைய நிரம்பிவிடும். ஆகையால் பொறியாளர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரத் துண்டுகளாகப் படத்தைப் பிரித்தனர். முழுத் திரையை நிரப்ப இத்தகைய துண்டுகள் 896 போதும். ஒரே துண்டைப் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் கூடும். வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண், ஒரே வளைவை மீண்டும் மீண்டும் இட்டு முற்றம் முழுவதையும் நிறைத்துவிடுகிறாள் அல்லவா? அதுபோன்றதே இது. பின்திரை இவ்வாறு அமைய, அதன் முன்னே நடமாடும் உருவங்களைத் தோற்பாவைக் கூத்தின் பாவைகளைப் போலத் தனியே வைத்து நகர்த்தினர். ஒரே நேரத்தில் 128 பாவைகள் வரை திரையில் தோன்றலாம். ஒவ்வொரு பாவைக்கும் 15 வண்ணங்களே கிடைக்கும். இந்த எல்லைகளை மனத்தில் இருத்திக்கொண்டு இனி விளையாட்டுகளைக் காண்போம்.

கருவி வெளிவந்த அதே நாளில் எஃப்-ஜீரோ என்னும் பந்தய விளையாட்டும் வெளிவந்தது. அதில் தரை, ஓடும் ஊர்தியின் முன்னே விரிந்து, தொலைவில் ஒடுங்கி, நாம் திரும்பும் பக்கமெல்லாம் தானும் சுழன்றது. அதுவரை வீட்டுக் கருவியில் இத்தகைய காட்சியைக் கண்டவர் அரியர். இதன் மறைபொருள் கருவியின் ஏழாம் எண் படமுறையில் இருந்தது. குறுக்கும் நெடுக்கும் 1,024 புள்ளிகள் கொண்ட ஒரு பெரிய தட்டைப் படத்தைச் சுழற்றவும், பெரிதாக்கவும், சிறிதாக்கவும் அம்முறை இடமளித்தது. தொலைக்காட்சி ஒவ்வொரு வரியாகப் படத்தை வரைந்து செல்லும்பொழுதே, வரிக்கு வரி அளவை மாற்றினார்கள். மேல்வரிகளில் படம் சிறுத்தது, கீழ்வரிகளில் பெருத்தது. அந்தச் சிறு மாற்றத்தினால் தட்டைப் படம் படுத்துக் கிடக்கும் நிலமாகத் தோன்றிற்று. அதே ஆண்டு டிசம்பரில் வந்த பைலட்விங்ஸ் என்னும் விளையாட்டில் வானத்திலிருந்து அந்நிலத்தை நோக்கி இறங்கவும் முடிந்தது. ஆயினும் இம்முறைக்கு ஒரு குறை இருந்தது. அந்த நிலம் விரித்த பாயைப் போன்றது. அதில் ஒரு மேடும் எழாது, ஒரு பள்ளமும் ஆழாது.

அக்குறையைத் தீர்க்க முற்பட்டவர்கள் இங்கிலாந்து நாட்டு இளைஞர்கள். ஆர்கொனாட் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய ஜெஸ் சான் என்பவரும் அவருடைய தோழர்களும், நின்டெண்டோவின் பழைய கருவிகளிலேயே முப்பரிமாண உருவங்களை இயக்கிக் காட்டி அந்நிறுவனத்தாரின் கவனத்தைக் கவர்ந்திருந்தனர். கருவியில் உள்ளதைக் கொண்டு இதற்கு மேற்செல்ல இயலாது, தனிச் சில்லு ஒன்று வேண்டும் என்று அவர்கள் எடுத்துரைத்தனர். நின்டெண்டோவும் இசைந்தது. இவ்வாறு பிறந்ததே சூப்பர் எஃப்எக்ஸ் சில்லு. அது கருவிக்குள் பொருத்தப்படவில்லை. விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜுக்குள் பொருத்தப்பட்டது. வாங்கியவர் தம் கருவியில் ஒன்றையும் மாற்றாமலே, கார்ட்ரிட்ஜைச் செருகிய அளவில் புதிய ஆற்றல் அதனுடன் சேர்ந்துகொண்டது.

அச்சில்லைக் கொண்டு 1993 பிப்ரவரியில் ஸ்டார் ஃபாக்ஸ் வெளிவந்தது. முக்கோணங்களாலும் பிற பலகோணங்களாலும் ஆன விண்கலங்கள், கட்டடங்கள், பாறைகள் யாவும் எத்திசையிலிருந்து நோக்கினும் உருவம் மாறி உண்மைப் பொருள்களைப் போல விளங்கின. சில்லு முதலில் தன் பக்கத்து நினைவகத்தில் படத்தை வரைந்து முடித்துப் பின்னரே கருவியின் படநினைவகத்திற்கு அனுப்பியது. அதற்குக் காலம் பிடித்தது. ஆகையால் திரையின் ஓரங்களில் கருப்பு விளிம்பு விட்டுப் படத்தைச் சுருக்க நேர்ந்தது. வினாடிக்கு மாறும் படங்களும் பெரும்பாலும் இருபதை எட்டவில்லை. இன்று அதனைப் பார்க்கும் மாணவனுக்கு அது தடுமாறுவது போலத் தோன்றலாம். அன்று கண்டவர்களோ தம் பழைய பெட்டிக்குள் ஆழம் பிறந்ததைக் கண்டு வியந்தனர்.

மூன்றாவது வியப்பு 1994 நவம்பரில் வந்தது. அப்பொழுது இக்கருவிக்கு நெருக்கடிக் காலம். நவம்பர் 22ஆம் நாள் ஜப்பானில் சேகாவின் சாட்டர்ன் கருவியும், டிசம்பர் 3ஆம் நாள் சோனி நிறுவனத்தாரின் பிளேஸ்டேஷன் கருவியும் வெளிவந்தன. அவை குறுந்தகடுகளையும் முப்பரிமாண ஆற்றலையும் உடையவை. நான்கு ஆண்டு பழகிய சூப்பர் ஃபாமிகாமின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணிய அவ்வேளையில் டாங்கி காங் கண்ட்ரி தோன்றியது.

அதனை ஆக்கியவர்கள் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில், டுவைகிராஸ் என்னும் சிற்றூரில் இருந்த ரேர் நிறுவனத்தார். சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்னும் விலையுயர்ந்த கணிப்பொறிகளை அவர்கள் வாங்கி வைத்திருந்தனர். மனிதக்குரங்கையும் முதலையையும் அக்கணிப்பொறிகளில் முப்பரிமாண உருவங்களாகச் சமைத்து, ஒளியும் நிழலும் ஊட்டி, அசைவின் ஒவ்வொரு நிலையையும் தனிப்படமாக எடுத்தனர். பின்னர் அப்படங்களைச் சுருக்கி, வண்ணங்களைக் குறைத்து, பாவைகளாக மாற்றிக் கார்ட்ரிட்ஜில் அடைத்தனர். மொத்தம் நான்கு மெகாபைட் இடத்திற்குள் அத்தனையும் அடங்கின. ஆகவே, சூப்பர் ஃபாமிகாம் அந்த உருவங்களைக் கணக்கிட்டு வரையவில்லை. வேறிடத்தில் வரைந்து வைத்ததை எடுத்துக் காட்டியது. துணைச் சில்லு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. பனிப்புயல் சிறுகச் சிறுக வலுத்துத் திரையையே மறைக்கும் காட்சியும் உரோமம் படர்ந்த உடல்களும் மக்களை மயக்கின. தொண்ணூறு இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின. பழைய கருவிக்கு மேலும் சில ஆண்டுகள் வாழ்வு கிடைத்தது.

அவ்வாறு மயக்கியதில் அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் பங்குண்டு. குழாய்த் திரையில் அடுத்தடுத்த புள்ளிகள் சற்றே கசிந்து ஒன்றோடொன்று கலக்கும். 15 வண்ணங்களுக்குள் அடக்கிய நிழல்கள் அக்கசிவினால் மென்மையாகி, எண்ணற்ற வண்ணங்கள் போலக் காட்சியளித்தன. இன்றைய தட்டைத் திரையோ ஒவ்வொரு புள்ளியையும் கூர்மையான சதுரமாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது. டாங்கி காங் கண்ட்ரியை இன்று பார்த்து, “இதற்கா இவ்வளவு புகழ்?” என்று கேட்பவர்கள், அது எந்தத் திரையை எண்ணி ஆக்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

இவற்றோடு ஸ்கொயர் நிறுவனத்தார் தந்த இரண்டு படைப்புகளையும் குறிப்பிட வேண்டும். 1994இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி ஆறாம் பாகமும் 1995 மார்ச்சில் வந்த குரோனோ டிரிகரும் துணைச் சில்லின்றி, ஓவியரின் கைத்திறன் ஒன்றையே நம்பியவை. முன்னதன் தொடக்கத்தில் மூன்று இயந்திரக் கவசங்கள் பனிவெளியைக் கடந்து சுரங்க நகரை நோக்கி மெல்ல நடந்து செல்லும் காட்சி, முன்பு பந்தயத்திற்குப் பயன்பட்ட அதே ஏழாம் முறையால் அமைந்தது. முன்பு வேகத்தைக் காட்டிய அம்முறை இங்கே தனிமையைக் காட்டிற்று.

இறுதியாக, 1995 ஆகஸ்ட் 5ஆம் நாள் வெளிவந்த யோஷிஸ் ஐலண்டைக் காண்போம். ரேர் நிறுவனத்தாரின் வெற்றிக்குப் பிறகு, பளபளப்பான முப்பரிமாணத் தோற்றமே எதிர்காலம் என்று எங்கும் பேச்சாக இருந்தது. இந்த விளையாட்டை ஆக்கியவர்கள் அதற்கு நேர் எதிர்த்திசையில் சென்றனர். கையால் படம் வரைந்து, அதனைக் கணிப்பொறியில் ஏற்றி, பின் அதற்கிணங்கப் புள்ளி புள்ளியாக அமைத்தனர். மலைகள் மெழுகு வண்ணக்கோலால் குழந்தை தீட்டியவை போல் இருக்கும். கோடுகள் நடுங்கும், வண்ணம் எல்லையைத் தாண்டும். எளிய படம் என்று கண்டவுடன் தோன்றும். ஆனால் அதன் கார்ட்ரிட்ஜினுள் சூப்பர் எஃப்எக்ஸ் சில்லின் இரண்டாம் வடிவம் வேலை செய்துகொண்டிருந்தது. பகை உருவங்கள் திரையை நிறைக்குமளவு வீங்கும். மிதக்கும் பஞ்சுருண்டை ஒன்றைத் தொட்டால் நிலம் முழுவதும் அலையலையாய் நெளியும். ஓரிடத்தில் சிறு நிலவொன்றின் மேல் நாம் சுற்றிச் சுற்றி ஓடிப் போரிடுவோம். இத்தனை ஆற்றலும் தன்னைத் தனியே காட்டிக்கொள்ளாமல், ஒரு குழந்தையின் ஓவியம் உயிர்பெற்றது போன்ற தோற்றத்திற்கே ஏவல் செய்கிறது.

இவற்றுள் எது சிறந்தது? எஃப்-ஜீரோ கருவியின் உள்ளாற்றலை வெளிப்படுத்தியது. ஸ்டார் ஃபாக்ஸ் கருவியால் முடியாததைப் புதிய சில்லால் முடித்தது. டாங்கி காங் கண்ட்ரி பிற இடத்து ஆற்றலைக் கொணர்ந்து, கருவி தன் வயதுக்கு மீறிய தோற்றம் கொள்ளச் செய்தது. அவ்வப்பொழுது கண்டவர் அடைந்த வியப்பை அளவாகக் கொண்டால் டாங்கி காங் கண்ட்ரிக்கே முதலிடம் தரலாம். காலத்தை அளவாகக் கொண்டால் என் தீர்ப்பு யோஷிஸ் ஐலண்டின் பக்கமே சாய்கிறது. வருங்காலக் கருவிகளைப் போலத் தோன்ற முயன்ற படைப்பு, அந்த வருங்காலம் வந்தவுடன் அதனோடு ஒப்பிடப்பட்டுத் தாழ்ந்தது. அத்தகைய ஒப்பீட்டுக்கே இடங்கொடாமல், புள்ளிகளாலும் வண்ணத்தாலும் ஆன ஓவியமாகவே நின்ற படைப்பு முதுமை எய்தவில்லை. மெழுகு வண்ணக்கோல் தீட்டிய மலைக்குப் பழைமை என்பது ஏது?

நீங்கள் என் தீர்ப்பை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. 2017இல் நின்டெண்டோ நிறுவனத்தார் 21 விளையாட்டுகளை உள்ளடக்கிய சிறுவடிவக் கருவி ஒன்றை வெளியிட்டனர். இங்குக் கூறிய எஃப்-ஜீரோ, ஸ்டார் ஃபாக்ஸ், டாங்கி காங் கண்ட்ரி, யோஷிஸ் ஐலண்ட் ஆகிய நான்கும் அதில் உள்ளன. வாய்ப்புக் கிடைக்குமானால் அவற்றை வெளிவந்த ஆண்டின் வரிசைப்படியே பாருங்கள். ஒவ்வொன்றையும் பார்க்கும்பொழுது 64 கிலோபைட் நினைவகத்தையும் 15 வண்ணப் பாவைகளையும் நினைவில் கொள்ளுங்கள். அதன்பின் உங்கள் தீர்ப்பை நீங்களே எழுதி, அதற்குக் காரணமும் கூறுங்கள். காரணம் கூறத் தெரிந்தவனுடைய விருப்பமே மதிப்பீடு என்னும் பெயருக்கு உரியதாகும்.