கில்கென்னிச் சட்டங்கள்

1171இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி படையோடு அயர்லாந்தில் இறங்கினார். அடுத்த நூறாண்டுகளில் கிழக்கிலும் தெற்கிலும் ஆங்கிலேயக் குடியேற்றங்கள் வேரூன்றின. ஆனால் தீவு முழுவதும் மன்னரின் கைக்கு வரவில்லை. வடக்கிலும் மேற்கிலும் ஓ'நீல், ஓ'பிரையன் போன்ற ஐரிஷ் குடித்தலைவர்கள் தங்கள் பழைய முறைப்படியே ஆண்டார்கள்.

மன்னரின் ஆட்சிக்குள் வந்த ஐரிஷ் மக்களுக்கும் ஆங்கிலச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கவில்லை. சிறப்பு உரிமை பெற்ற சிலரைத் தவிர, ஐரிஷ்காரர் மன்னரின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது. எதிராளி “இவர் ஐரிஷ்காரர்” என்று மெய்ப்பித்துவிட்டால் வழக்கு அங்கேயே தள்ளுபடியாகும். ஐரிஷ்காரரைக் கொன்றவருக்குக்கூட மரண தண்டனை கிடையாது. இறந்தவர் ஒரு பிரபுவின் ஆளாக இருந்தால் அந்தப் பிரபுவுக்கு இழப்பீடு கொடுத்தால் போதும். 1277 வாக்கில் காஷல் பேராயர், ஐரிஷ் மக்கள் அனைவருக்கும் ஆங்கிலச் சட்டத்தை வழங்கினால் 7,000 மார்க் தருவதாக முதலாம் எட்வர்டிடம் பேச்சு நடத்தினார். மன்னருக்கும் விருப்பம் இருந்தது. ஆனாலும் காரியம் கைகூடவில்லை. இடைக்கால அயர்லாந்து கைநழுவவிட்ட மிகப் பெரிய வாய்ப்பு இதுவே.

இதற்கிடையே குடியேறியவர்கள் மண்ணின் மக்களோடு கலந்துவிட்டனர். ஐரிஷ் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். பிள்ளைகளை ஐரிஷ் வீடுகளில் வளர்க்க அனுப்பினார்கள். வழக்குகளைப் பிரெஹன் எனப்படும் உள்ளூர் நீதிமான்களிடம் கொண்டுபோனார்கள். இதைத் தடுக்கவே 1366இல், மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலின் தலைமையில் கில்கென்னியில் கூடிய நாடாளுமன்றம் சட்டங்கள் இயற்றியது. கலப்பு மணம், வளர்ப்புப் பிள்ளை முறை, பிரெஹன் சட்டம் ஆகியவை தடை செய்யப்பட்டன. ஆங்கிலேயர் ஆங்கிலமே பேச வேண்டும், ஆங்கிலப் பெயரே சூட்ட வேண்டும், குதிரையில் சேணமிட்டே ஏற வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இந்த விதிகளே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டன.

வலிமையுள்ள அரசுக்கு இத்தகைய விதிகள் தேவைப்பட்டிரா. நடைமுறையிலும் அவை நிலைக்கவில்லை. மறு ஆண்டே மன்னரின் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்ற டெஸ்மண்ட் பிரபு ஜெரால்டு, ஐரிஷ் மொழியில் கவிதை இயற்றியவர். 1388இல் அவர் தம் மகன் ஜேம்ஸை ஓ'பிரையன் குடும்பத்தில் வளரவிட அனுமதி கேட்டபோது, அரசே இசைந்தது. காலப்போக்கில் கிழக்கே டப்ளினைச் சுற்றிய பகுதி மட்டுமே உறுதியாக ஆங்கில ஆட்சியில் எஞ்சியது.

1494-95இல் மன்னரின் பிரதிநிதி பாய்னிங்ஸ் கூட்டிய டிராஹெடா நாடாளுமன்றம் கில்கென்னிச் சட்டங்களை மீண்டும் உறுதிப்படுத்தியது. அப்போது ஐரிஷ் மொழிக்கு எதிரான விதி விலக்கி வைக்கப்பட்டது. அதற்குள் அந்த மொழி ஆங்கிலேயக் குடிகளின் வீடுகளிலும் வழங்கிவந்தது.