வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ்: ஒரு குட்டி வரலாறு

வாடகை வீட்டில் இருப்பவர்களைப் பயமுறுத்தும் வார்த்தை 'நோட்டீஸ்'. வக்கீல் நோட்டீஸ் வந்தால் மறுநாளே மூட்டை கட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். ஆனால் சட்டத்தின் கதையைப் பார்த்தால், அந்தக் காகிதத்தின் பலம் காலத்துக்குக் காலம் ஏறி இறங்கியிருக்கிறது.

ஆரம்பம் 1882. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த சொத்துரிமை மாற்றுச் சட்டம், 106-வது பிரிவு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் வீட்டு வாடகை மாதக் கணக்குதான். முடித்துக்கொள்ள எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் போதும். காரணம் சொல்லவே வேண்டாம்! ஆனால் நோட்டீஸ் கெடுவும் வாடகை மாதமும் ஒரே நாளில் முடிய வேண்டும். 10-ம் தேதி மாதம் ஆரம்பிக்கும் வீட்டுக்கு "30-ம் தேதியோடு காலி செய்" என்று எழுதினால் செல்லாது. நாள் கணக்கில் சறுக்கிய வீட்டுக்காரர் வழக்கிலும் சறுக்குவார். (இந்தத் தொல்லை 2002 டிசம்பர் 31 முதல் அமலான திருத்தத்தில்தான் தீர்ந்தது. 120 வருஷம்!)

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வீட்டுப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. பிறகு 1946, 1949, 1960 என்று அடுத்தடுத்து சட்டங்கள். இனி காரணத்தை நிரூபிக்க வேண்டும்: வேண்டுமென்றே வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் இப்படி.

அப்படியானால் பழைய 15 நாள் நோட்டீசும் வேண்டுமா? உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கு ஒன்று சொல்லின. 1979-ல் தமிழ்நாட்டிலிருந்து போன தனபால் செட்டியார் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் "வேண்டாம்" என்றார்கள். நோட்டீஸ் கொடுத்த பிறகும் வாடகைச் சட்டம் அவரைக் குடியிருப்பவராகவே காப்பாற்றுகிறது. வெளியேற்ற உத்தரவு வந்தால்தான் குடித்தனம் முடிகிறது. பிறகு எதற்கு அந்தக் காகிதம்? என்னைக் கேட்டால் ரொம்பச் சரியான வாதம்.

ஆனாலும் நோட்டீஸ் சாகவில்லை. 1973-ல் சேர்த்த விளக்கப்படி, பாக்கி கேட்டு இரண்டு மாத நோட்டீஸ் அனுப்பியும் கட்டவில்லை என்றால் அது 'வேண்டுமென்றே' வைத்த பாக்கி. இப்போது 1960 சட்டம் இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்துவிட்டது. அதிலும் இரண்டு மாத பாக்கிக்காக வெளியேற்ற வேண்டுமானால், நோட்டீஸ் கொடுத்து ஒரு மாத அவகாசம் தர வேண்டும்.

அந்த நோட்டீசை எப்படிச் சேர்ப்பது? புதிய சட்டம் கை காட்டுவது அதே பழைய 106-வது பிரிவை! தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், வீட்டில் குடும்பத்தாரிடமோ வேலைக்காரரிடமோ கொடுக்கலாம். எதுவும் முடியாவிட்டால் கட்டடத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டு வரலாம்.