சீத்தைத் துணியும் சாயவேரும்

இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலே கட்டில் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில நாடகமேடையை ஆண்ட டேவிட் கரிக் என்னும் நடிகனுக்கு உரியது அது. அதன் திரைகளிற் படர்ந்தேறும் கொடியும் மலரும் மசூலிப்பட்டினத்துத் தொழிலாளர் தீட்டியவை. கல்கத்தாவிலிருந்த வணிகர் அன்பளிப்பாக அனுப்பிய அத்துணியை 1775ஆம் ஆண்டிலே சுங்க அதிகாரிகள் பறித்து வைத்துக்கொண்டனர். நாடே போற்றிய நடிகனும் தன் மனைவியின் கட்டிற்றிரைக்காக அதிகாரத்திலிருந்தோரிடம் முறையிட நேர்ந்தது. பூப்போட்ட துணிக்கு அரசாங்கம் ஏன் இவ்வாறு அஞ்சியது?

ஐரோப்பியச் செல்வர் தம் வீட்டுச் சுவர்களையும் கட்டில்களையும் முன்னர் கம்பளியாலும் பட்டாலும் அணிசெய்தனர். அவை விலைமிக்கவை, துவைக்க இயலாதவை. கிழக்கிந்தியக் கம்பனிகளின் கப்பல்களிலே வந்திறங்கிய பருத்தித் துணியோ மெல்லியது. துவைத்தாலும் நிறம் மங்காதது. நாங்கள் சீத்தை என்றும், தமிழகத்தார் சீட்டி என்றும் வழங்குவது இதனையே. நாட்குறிப்பாற் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் 1663இலே தன் மனைவியின் அறைச் சுவரை மூட இந்தியச் சீத்தை வாங்கினார். 1708இலே எழுத்தாளர் டானியல் டீபோ, இத்துணி படுக்கையறை வரை நுழைந்து திரையாகவும் மெத்தையாகவும் நாற்காலியுறையாகவும் மாறிவிட்டதென்று கசந்து எழுதினார்.

அம்மலர்கள் எந்நாட்டு மலர்கள்? இந்திய மலர்கள் என்று வாங்கியோர் நம்பினர். ஆனால் 1643ஆம் ஆண்டிலேயே இலண்டனிலிருந்த கம்பனி நிருவாகிகள் சூரத்துக்குக் கடிதம் எழுதினர்: சிவந்த பின்புலம் விலைபோகவில்லை, வெண்ணிறப் பின்புலத்திலே நடுவில் மலரும் கிளையும் வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் மாதிரிச் சித்திரங்களும் கப்பலேறின. பாரசீக மரமும் சீனத்துப் பாறையும் ஐரோப்பியப் பூவும் கலந்த கோலத்தை, இவற்றுட் பலவற்றைக் கண்ணாலும் காணாத தொழிலாளி தன் கைப்பழக்கத்தாற் புதியதொன்றாக்கினான். கலப்பிலே பிறந்த இக்கலையைத் தூய இந்திய மரபு என்று பெருமை பேசுவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

நிற்க. அத்தொழிலின் நுட்பத்தை 1742இலே கேர்டு என்னும் பிரெஞ்சு யேசுசபைத் துறவி, அதில் வல்ல கிறிஸ்தவத் தொழிலாளரிடம் கேட்டறிந்து விரிவாக எழுதினார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பர். ஊசியாற் குத்திய காகிதத்தின் மேற் கரித்தூளைத் தட்டிக் கோலத்தைப் படியச் செய்வர். கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்பு நீரையும், சிவப்பு வேண்டிய இடத்திற் படிகாரத்தையும் எழுதுகோலாலே தீட்டுவர். பின் சாயவேர் இட்ட நீரிலே கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். நீலத்துக்கு வேறு வழி: ஏனைய இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் தோய்க்கவேண்டும். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டப் பச்சை தோன்றும். வாரக்கணக்கில் நீளும் வேலை இது. பிரெஞ்சுக்காரர் இவற்றை அறிய விரும்பியது வெறும் கலையார்வத்தினால் அன்று.

சாயவேரின் கதை நம் நாட்டோடும் பிணைந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளிலும் வரண்ட மணலிலே தானே முளைக்கும் சிறு செடியின் வேர் அது. ஒல்லாந்தர் அதனைத் தம் தனியுரிமையாக்கி, இங்கும் சாயத்துக்குப் பயன்படுத்தினர், எதிர்க்கரைக்கும் அனுப்பினர். யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரி சுவார்தக்றோன் 1697இலே எழுதிய நிருவாகக் குறிப்பிலும் சாயவேருக்கு இடமுண்டு. வேரைக் கிண்டியோர் கூலியைப் பேசி வேலைசெய்த சுதந்திரத் தொழிலாளர் அல்லர். ‘வேர்க்குத்திகள்’ என்று சாதிப்பெயர் சூட்டப்பட்டு, ஆட்சிக்குக் கட்டாய ஊழியஞ் செய்தோர். சீமாட்டியின் திரையிலே மலர்ந்த சிவப்பின் அடியில் இந்த ஊழியமும் கிடந்தது.

ஐரோப்பிய நெசவாளரும் இத்துணியால் நலிந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1719இலே வேலையிழந்த இலண்டன் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பட்டு நெசவாளர் தெருவிலே சீத்தை உடுத்த பெண்களின் ஆடையைக் கிழித்தனர். அவர் பசி மெய். ஆனால் கோபம் பாய்ந்த இடம் பிழை. பிரான்சு 1686இலேயே தடை விதித்து 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1701இல் இந்திய வண்ணத்துணியின் பாவனையைத் தடுத்தது. வெள்ளைத் துணி வர வழி இருந்ததால் உள்நாட்டு அச்சுத்தொழில் வளர்ந்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் உடையிலும் வீட்டலங்காரத்திலும் சீத்தையைப் பெரும்பாலும் விலக்கியது. கரிக்கின் கட்டிற்றிரை சிக்கியது இத்தகைய தடைகளிலேதான்.

தடையின் நிழலிலே கற்றுக்கொண்ட கைகள் வலிமை பெற்றன. 1760இலே ஓபர்காம்ப் பிரான்சின் ழூயியில் அச்சுச்சாலை நிறுவினார். 1774இலே இங்கிலாந்து தன் நாட்டிலே நெய்து அச்சிட்ட பருத்திக்கு விலங்கை அகற்றியது. 1783இலே தோமஸ் பெல் உருளை அச்சுக்கு உரிமை பெற்றார். அதன்பின் கைத்தொழிலாளி வாரக்கணக்கில் வரைந்ததை உருளை சில மணி நேரத்தில் ஓட்டி முடித்தது. 1868இலே ஜேர்மன் இரசாயனவியலார் கிறேபேயும் லீபர்மானும், சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் வழியைக் கண்டனர். வேருக்கு விலையில்லாது போயிற்று. அதே கொடியும் மலரும் இன்றும் திரைகளிலும் சுவர்த்தாள்களிலும் அச்சாகின்றன. ஆங்கிலக் கிராமத்து மாளிகைப் பாணி என்னும் பெயரிலே விலையாகின்றன.