கிரேக்கர் போர்வையும் உரோமர் டோகாவும்

பழங்காலக் கிரேக்க, உரோமச் சிலைகளின் படங்களைப் பள்ளிப் புத்தகங்களில் நாம் பார்த்திருக்கிறோம். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அந்த ஆடைகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அவை ஒன்றல்ல. அவற்றின் வேறுபாட்டை அறிந்துகொண்டால், அந்த நாட்டார் மனிதனுக்கு மனிதன் எத்தகைய மதிப்பை அளித்தார்கள் என்பதும் விளங்கும்.

முதலில் கிரேக்க நாட்டைப் பார்ப்போம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே வெட்டித் தைத்த உடை குறைவு. தறியிலிருந்து இறக்கிய நீள்சதுரத் துணியை அப்படியே உடம்பில் சுற்றிக்கொண்டார்கள். பெண்கள் அணிந்த கம்பளி ஆடைக்குப் 'பெப்லோஸ்' என்று பெயர். அதன் மேற்பகுதியை வெளிப்புறமாக மடித்து, இரு தோள்களிலும் ஊசி குத்திக்கொள்வார்கள். 'கீட்டோன்' என்பது ஆண், பெண் இருபாலாரும் அணிந்த உடை. பெரும்பாலும் மெல்லிய லினன் துணியால் ஆனது. இவற்றுக்கு மேலே போர்த்திக்கொண்ட பெரிய நாற்கோணப் போர்வைதான் 'ஹிமாட்டியோன்'. உழைப்பாளிகளோ, வலத் தோளைத் திறந்துவிட்ட 'எக்சோமிஸ்' என்ற குட்டை உடையை அணிந்தார்கள். கையை வீசி வேலை செய்ய அதுவே வசதி.

இனி உரோமாபுரிக்கு வருவோம். உரோமரின் புகழ்பெற்ற உடை 'டோகா'. இதுவும் கம்பளிதான், ஆனால் நாற்கோணம் அன்று. அதன் விளிம்பு அரைவட்டம்போல் வளைந்திருக்கும். பேரரசுக் காலத்தில் அதன் நீளம் சுமார் ஐந்து மீட்டர். அதனை இடத் தோளில் போட்டு, முதுகைச் சுற்றி, வலக் கையின் கீழாகக் கொண்டுவந்து, மீண்டும் இடத் தோளில் எறிவார்கள். ஊசி கிடையாது. நழுவாமல் காக்க இடக் கை அதைத் தாங்கியே இருக்க வேண்டும். அப்படி உடுத்தியவர் மண்வெட்டி பிடிக்க முடியுமா? முடியாது. எனவே, உழைக்கும் மக்கள் 'டூனிக்கா' என்ற எளிய சட்டையையே அணிந்தார்கள்.

கிரேக்கரின் போர்வை யார் வேண்டுமானாலும் போர்த்தக்கூடியது. டோகாவோ உரோமக் குடிமகனுக்கே உரியது. அடிமைக்கும் அந்நியனுக்கும் அந்த உரிமை இல்லை. நாடு கடத்தப்பட்டவனும் அதை இழந்தான். ஊதா நிறக் கரை போட்ட டோகா உயர் அதிகாரிகளுக்கு உரியது. தேர்தலில் நிற்பவர்கள் சுண்ணம் பூசிப் பளிச்சென்று வெளுத்த டோகாவில் வந்தார்கள். வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' என்ற சொல் அந்த வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே.

கிரேக்கப் போர்வையை உரோமர் 'பல்லியம்' என்று அழைத்தார்கள். கி.மு. 204இல் சிசிலித் தீவில் இருந்த தளபதி சிப்பியோ, பல்லியமும் செருப்பும் அணிந்து உலவுகிறார் என்று உரோம ஆட்சி மன்றத்தில் பழி கூறப்பட்டது. பின்னர் பேரரசர் அகஸ்டஸ், ஊர்ப் பொதுச் சதுக்கத்துக்கு டோகா அணியாமல் எவரும் வரக்கூடாது என்று கட்டளையிட்டார். பாரமான அந்த உடையை மக்களே விரும்பவில்லை என்பதற்கு இக்கட்டளையே சான்று.

அந்த வெள்ளை டோகாவை வெளுத்தவர்கள் யார்? கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரில், சலவைத் தொழிலாளரின் தொட்டிகள் இன்றும் உள்ளன. சிறுநீர் கலந்த நீரில் துணியைப் போட்டுக் காலால் மிதித்து அழுக்கெடுத்தார்கள். அவர்களுள் அடிமைகள் பலர். தாம் வெளுத்த உடையைத் தாம் உடுத்த அவர்களுக்கு உரிமை இல்லை!

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். அடிமைகளுக்குத் தனி உடை வேண்டும் என்று ஒருமுறை ஆட்சி மன்றத்தில் ஆலோசனை எழுந்தது. டூனிக்கா அணிந்த ஏழைக் குடிமகனையும் அடிமையையும் பிரித்தறிய இயலவில்லை அல்லவா? ஆனால் அந்த ஆலோசனை கைவிடப்பட்டது. காரணத்தை அறிஞர் செனெக்கா எழுதியிருக்கிறார்: தனி உடை கொடுத்தால், அடிமைகள் எசமானர்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்களாம்! தாங்கள் எத்தனை பேர் என்று அவர்கள் அறிந்துகொள்வது ஆபத்து என்று எசமானர்கள் அஞ்சினார்கள்.

ஆகவே நேயர்களே, இனி அத்தகைய சிலையின் படத்தைப் பார்க்கும்போது போர்வையின் விளிம்பைக் கவனியுங்கள். நேராக இருந்தால் கிரேக்கம்; வளைந்திருந்தால் உரோமம். பிள்ளைகளுக்கும் அதைக் காட்டுங்கள். கூடவே, அந்த உடையை நூற்ற கை எது, நெய்த கை எது, மிதித்து வெளுத்த கால் எது என்றும் கேட்கச் சொல்லுங்கள்.