அழுக்குமூட்டையில் தப்பிய அரசமரபு

வேலூர்க் கோட்டை என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுவது 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சி. அடுத்து, அங்கே சிறையிருந்து 1832இல் மறைந்த கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் நினைவுக்கு வருவார். இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே, அதே மதில்களுக்குள் ஒரு பேரரசர் தம் மனைவி மக்களோடு மாண்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் ஸ்ரீரங்கராயர். விசயநகர அரியணையில் அவர் வீற்றிருந்தது சில மாதங்களே.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின் பேரரசு தெற்கு நோக்கி நகர்ந்தது. 1586இல் முடிசூடிய இரண்டாம் வேங்கடபதிராயர் பெனுகொண்டாவிலிருந்து சந்திரகிரிக்கும், பின்னர் வேலூருக்கும் தலைநகரை மாற்றினார். சின்ன பொம்ம நாயக்கர் அரசு செலுத்தி அப்பைய தீட்சிதரைப் போற்றிய ஊர் வேலூர். அதனை அவர் மகன் லிங்கம நாயக்கரிடமிருந்து ராயர் கைப்பற்றினார்.

ராயருக்கு மகப்பேறு இல்லை. அவருடைய தேவியருள் ஒருத்தி, பிறர் குழந்தையைத் தன் மகனென்று காட்டி வளர்த்தாள் என்றும், ராயர் உண்மையறிந்தும் வாளாவிருந்தார் என்றும் மானுவல் பராதாஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் 1616 டிசம்பரில் எழுதிய கடிதம் கூறுகிறது. 1614 அக்டோபரில் இறக்கும் தறுவாயில் ராயர் தம் தமையன் மகனாகிய ஸ்ரீரங்கரையே அரசராக்கினார். அத்தேவியின் உடன்பிறந்தானாகிய கொப்பூரி ஜக்கராயன் பொறுத்தானில்லை. படையோடு புகுந்து புதிய அரசரைக் குடும்பத்தோடு சிறைப்படுத்தினான். தங்கை வளர்த்த சிறுவனுக்கு முடிசூட்டினான். பெருந்தலைவர் பலர் அவன் பக்கம் சாய, வேலுகோடி யாசம நாயக்கர் ஒருவரே சிறைப்பட்ட மன்னருக்காக உறுதியோடு நின்றார்.

சிறையைச் சுற்றிலும் காவல். ஆனால் அரண்மனை அழுக்குத்துணிகளை எடுத்துச் செல்லும் சலவைத் தொழிலாளியை யார் ஐயுறுவார்? யாசமரின் ஏற்பாட்டின்படி, மன்னரின் இரண்டாம் மகனை, பன்னிரண்டு அகவைச் சிறுவனை, அவர் துணிமூட்டைக்குள் வைத்துக் காவலர் கண்முன்னே சுமந்து வெளியேறினார். அகப்பட்டிருந்தால் அவர் தலை உருண்டிருக்கும். பின்னர் நிலத்தடியே வழி தோண்டி மன்னரையும் மீட்க முயன்றனர், அது வெளிப்பட்டுப்போயிற்று. இனிக் காலந்தாழ்த்தலாகாதென்று கருதிய ஜக்கராயன் தரப்பு, அரச குடும்பத்தையே அழிக்கத் துணிந்தது. வாளை நீட்டி, தாமே மாளுமாறு மன்னரை நெருக்கினர் என்றும், அவர் தம் தேவியையும் மக்களையும் வெட்டிவிட்டுத் தாமும் மடிந்தார் என்றும் பராதாஸ் எழுதுகிறார்.

எஞ்சியவன் மூட்டையில் சென்ற சிறுவன் ஒருவனே. அவன் பொருட்டுத் தென்னகம் இரண்டாகப் பிரிந்தது. மதுரை முத்துவீரப்ப நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயனோடு சேர்ந்தனர். தஞ்சை இரகுநாத நாயக்கர் யாசமரோடு நின்றார். 1616-17இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த தோப்பூரில் நடந்த பெரும்போரில் ஜக்கராயன் மாண்டான். சிறுவன் இராமதேவராயன் என்ற பெயரில் அரசனானான்.

தோப்பூர் வெற்றி காவியமாயிற்று. தஞ்சை அரசவையின் இராமபத்ராம்பா, இரகுநாதரைத் தலைவராக்கி 'இரகுநாதாப்யுதயம்' என்னும் வடமொழிக் காப்பியம் இயற்றினார். வேலூர்ச் சிறையின் துயரையோ அயல்நாட்டுப் பாதிரியாரின் கடிதமே விரித்துரைத்தது. 1900இல் இராபர்ட் சிவெல் தம் விசயநகர வரலாற்று நூலில் அதனைச் சேர்த்ததால் அது நமக்குக் கிட்டியது. குறுகிய ஆட்சிகளின் ஊழ் எங்கும் இவ்வாறே போலும். ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசில் மன்சா சுலைமானுக்குப் பின் அவர் மகன் காசா 1360ஆம் ஆண்டளவில் ஒன்பதே மாதங்கள் ஆண்டான். அவனை நாம் அறிவதும், துனிசில் பிறந்த இப்னு கல்தூன் என்னும் வரலாற்றறிஞர் எழுதிவைத்ததால்தான்.

ஆனால் பராதாஸின் கடிதத்திலும் ஒரு குறை உண்டு. காட்டிக்கொடுத்தவன், கொன்றவன், காத்தவன் எனத் தலைவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. மூட்டை சுமந்தவரின் பெயர் இல்லை. அவர் தொழில் மட்டுமே உள்ளது. ஓர் அரசமரபு அவர் தோளில் அல்லவா பிழைத்தது!

பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டும் காலணி தைத்தும் வாழும் மக்களிடையே எழுதுகின்ற நமக்கு இச்செய்தி புதிதன்று. உழைப்பவரின் தொழிலைக் குறித்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது ஏடுகளின் பழைய வழக்கம். பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவிஞர்கள் அடுத்தமுறை கோட்டை அகழியோரம் நடக்கையில், மதிலையும் கோபுரத்தையும் மட்டும் நோக்க வேண்டா. வாயிலைக் கடந்து மூட்டையோடு நடந்த அந்த மனிதரின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்பதையும் சற்றே எண்ணுக. அவருக்குரிய காப்பியம் இன்னும் நம் கைகளுக்காகக் காத்திருக்கிறது.