நிறமும் பெயரும்: மாணவர் நிழற்பட முயற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நிறத்தையும் தற்படிமத்தையும் பொருளாகக் கொண்டு நிழற்படமெடுக்க முனையும் மாணவர், கருவியைக் கையிலெடுக்கும்போதே ஒரு வரலாற்றையும் கையேற்கின்றனர். அம்பாறைக் கரையோரத்துப் பாலமுனை போன்றதோர் ஊரில் இம்முயற்சி நிகழுமாயின் அவ்வரலாறு மேலும் கூர்மையாக எதிர்ப்படும். படத்தில் தோன்றுவோரின் பெயரையும் நிறத்தையும் தீர்மானித்தவர் யார் என்பதே நாம் எழுப்பும் வினாவாகும்.

1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்தவர் யூலியா மார்கரற் கமரன். இங்கிலாந்தில் டெனிசன், ஹேர்ஷல், கார்லைல் முதலியோரைப் படமெடுத்தபோது அவர்தம் பெயர்களைத் தவறாது குறித்த அவருக்கு, இலங்கை உழைப்பாளரைப் படமெடுத்தபோது 'களுத்துறைக் குடியானவர்' என்ற பொதுப்பெயரே போதுமானதாயிற்று. அவர் குடும்பம் இங்கு கோப்பித் தோட்டங்களை உடைமையாகக் கொண்டிருந்தது. ஆதலின் இதனைத் தனிமனிதக் கவனக்குறைவென்று கொள்ளல் பொருந்தாது. பின்னர், 1890 இல் கொழும்பில் தொடங்கிய பிளாற்றே போன்ற நிறுவனங்களின் தபாலட்டைகளில் இந்நாட்டு மக்கள் 'இனமாதிரி'களாக விற்பனைக்கு வந்தனர். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணமூட்டியவருக்கு, படத்திலிருந்தவரின் சேலை எந்நிறமென அறியவேண்டிய தேவை இருக்கவில்லை.

வண்ணப்படச் சுருளின் வருகையோடு இந்நிலை நீங்கிவிடவில்லை. வெள்ளைத்தோற் பெண்ணொருத்தியின் உருவம் பொறித்த 'ஷேர்லி அட்டை'யே நெடுங்காலம் நிறத்தின் அளவுகோலாயிருந்தது. கருந்தோலின் நுட்பங்கள் படத்தில் மங்கின. கொடக் நிறுவனத்தின் முன்னாள் அலுவலரை விசாரித்த லோர்னா றொத், 2009 இல் வெளியிட்ட ஆய்விலே கூறுவது மனங்கொள்ளத்தக்கது. கபில நிறங்களைச் செம்மைப்படுத்தத் தூண்டியவற்றுள், தம் பண்டங்களின் நிறம் படத்தில் சரிவர வரவில்லையென்ற சொக்கிலேற், மரத்தளபாட உற்பத்தியாளரின் முறைப்பாடுகளும் அடங்கும். மனித முகம் பெறாத கவனத்தைப் பண்டம் பெற்றது.

இன்று முகமே பண்டமாகின்றது. ஒவ்வொருவரும் தம்மையே ஒரு வணிகக்குறியாக வளர்த்தல் வேண்டுமென ரொம் பீற்றர்ஸ் 1997 இல் எழுதினார். உழைப்புச் சக்தியை விற்றுவந்த மனிதர், இனித் தம் தோற்றத்தையும் சேர்த்து விற்க வேண்டியவராகின்றனர். அயலூரான ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்ததன் பயனாகக் கல்விவழித் தொழில் தேடும் நம் இளைஞரை இக்கோட்பாடு எளிதிற் கவரும். பெயரற்றிருந்தோரின் பிள்ளைகள் தம் பெயரைத் தாமே எழுதுவது முன்னேற்றமே. ஆயின் அப்பெயர் சந்தையின் விலைச்சீட்டாகச் சுருங்குமாயின், பழைய தபாலட்டைக்கும் புதிய தற்படத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதே.

எனவே மாணவர் படமெடுக்கையில், நிறத்தை அதனை ஆக்கும் உழைப்போடு சேர்த்து நோக்குதல் வேண்டும். மருதமுனைக் கைத்தறித் துணியின் நிறத்தைப் பதிவோர், நெய்தவரின் பெயரையும் அவர் இசைவோடு பதிதல் தகும். படத்தில் தோன்ற விரும்பாத பெண்ணின் மறுப்பும் அவ்வாறே மதிக்கப்படல் வேண்டும். கமரனின் குடியானவருக்குக் கிடையாத உரிமைகளுள் அதுவும் ஒன்றாகும்.