இருவர் இருவராக: மிதிவண்டிக் கூட்டங்களின் சாலை வரலாறு



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, தனியாகப் போகாதே என்று அம்மா சொல்கிறார். கூட்டமாகப் போகாதே என்று நீங்கள் சொல்கிறீர்கள். பிறகு நாங்கள் எப்படித்தான் போவது?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், நான் பணிபுரிவது ஜொகூரில்.

2017 பிப்ரவரி 18, விடியற்காலை மூன்று மணி அளவில், ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில் மிதிவண்டிகளில் கூட்டமாக இருந்த பதின்ம வயதினர் மீது கார் ஒன்று மோதியதில் எண்மர் உயிரிழந்தனர். 'பாசிக்கால் லாஜாக்' என்று நம் நாட்டில் வழங்கும் வண்டிகள் அவை. ஹேண்டலைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றிவிட்டு, வண்டியின்மேல் குப்புறப் படுத்து விரைவதற்கென்று மாற்றப்படுபவை. காரோட்டிக்கு 2022-இல் உயர்நீதிமன்றம் ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆறாண்டுகளாக நாடு முழுவதும் "குற்றம் யாருடையது?" என்றே வாதாடியது. கூட்டமாக மிதிவண்டி ஓட்டுவது எப்படி என்று யார் அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கேள்வியை நான் அதிகம் கேட்கவில்லை.

மாணவனுக்கு விடை சொல்ல வேண்டுமே என்று பழைய வரலாற்றைப் புரட்டத் தொடங்கினேன். அது என்னை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றது. நமது சாலைச் சட்டங்களின் வேர் அங்கேதானே இருக்கிறது!

1870களில் அங்கு ஓடியவை முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் சிறிதாகவும் அமைந்த உயர்ந்த வண்டிகள். முன்சக்கரம் ஓர் ஆளின் மார்பளவு இருக்கும். வழியில் ஒரு கல் தட்டினால் போதும், ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். ஆகவே கழகங்கள் அமைத்துக் கூட்டமாகவே சென்றனர். 1878-இல் ஹாரோகேட் நகரில் மிதிவண்டிச் சுற்றுலாக் கழகம் தோன்றியது. அக்காலக் கழகங்களின் பயண ஒழுங்கு படிக்கச் சுவையானது. முன்னே தலைவர் செல்வார். அவரை யாரும் முந்தக் கூடாது. உறுப்பினர்கள் இருவர் இருவராகத் தொடர்வர். ஊதுகொம்புடன் ஒருவர் உடன் வருவார். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒற்றை வரிசையாவதற்கும் தனித்தனி ஒலிக்குறிப்புகள். (இன்று நம் சாலையில் யாராவது கொம்பு ஊதிக்கொண்டு போனால் திருவிழா ஊர்வலம் என்றுதான் நினைப்போம்.) படையணியைப் பார்த்து நகல் எடுத்த ஆடம்பரம் இதில் இருந்தது உண்மையே. ஆயினும் முன்னே செல்பவர் கண்டதைப் பின்னே வருபவருக்கு உடனே அறிவிக்க அதுவே வழி.

சட்டம் பிறகுதான் வந்தது. 1888-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியை 'வண்டி' என்று ஏற்றுக்கொண்டது. அதன்மூலம் சாலையில் அதற்கு உரிமை கிடைத்தது. உடனே கடமையும் வந்தது. இரவில் விளக்கு வேண்டும். குதிரையையோ வண்டியையோ நடந்து செல்பவரையோ முந்தும்போது மணி முதலியவற்றால் ஒலி எழுப்ப வேண்டும்.

அடுத்து நிகழ்ந்ததுதான் என் கவனத்தை ஈர்த்தது. 1894 ஜூலை 21 அன்று, லண்டனிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் 50 மைல் பந்தயம் ஒன்று நடந்தது. பிட்லேக் என்பவர் உள்ளிட்ட சிலர் குதிரை வண்டியில் வந்த ஒரு பெண்மணியைக் கடக்கையில் குதிரை மிரண்டது. ஓட்டியவர்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தனர். பெண்மணி காவல்துறையிடம் முறையிட்டார். சாலையில் மிதிவண்டிகளையே தடைசெய்துவிடுவார்களோ என்ற அச்சம் பரவியது. மிதிவண்டியர் சங்கமே முன்வந்து சாலைப் பந்தயங்களை ஒதுக்கிவைத்தது.

பிட்லேக் ஒரு மாற்றுவழி கண்டார். எல்லாரும் ஒன்றாகப் புறப்படாமல், இடைவெளி விட்டு ஒவ்வொருவராகப் புறப்படுவது. யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர் வென்றவர். 1895-இல் இம்முறை தொடங்கியது. விடியற்காலையில், தோள் முதல் கணுக்கால் வரை கறுப்பு ஆடை அணிந்து, போட்டி நடக்கும் சாலையின் பெயரைக்கூடக் குறியெழுத்தால் மறைத்து ஓட்டினார்கள். நம் தோட்டங்களில் சம்சு காய்ச்சியவர்கள்கூட அத்தனை மறைவாக இருந்திருப்பார்களா என்பது ஐயமே!

பிட்லேக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குதிரை மிரண்டது உண்மை. சாலை பிறருக்கும் உரியது. ஆனால் "கூட்டத்தைக் கலைத்துவிட்டால் சிக்கல் தீரும்" என்ற எண்ணம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கே பந்தயச் சாலைகளை ஆண்டது. அதை உடைத்தவர் பெர்சி ஸ்டாலார்ட். போர்க்காலம், பெட்ரோல் பங்கீட்டால் கார்கள் குறைந்திருந்தன. அவர் முதலில் காவல்துறையிடம் சென்று திட்டத்தை விளக்கி ஒப்புதல் பெற்றார். 1942 ஜூன் 7 அன்று, லாங்கோலன் நகரிலிருந்து உல்வர்ஹாம்டன் வரை 59 மைல் தூரம், நாற்பது பேர் ஒன்றாகப் புறப்பட்டார்கள். காவல்துறை ஏற்றுக்கொண்டது, சங்கம்தான் ஏற்கவில்லை! ஸ்டாலார்டை விலக்கிவைத்தது. அவ்வாண்டு நவம்பரில் அவரும் தோழர்களும் தனி அமைப்பையே தொடங்கிவிட்டனர். இரு தரப்பும் 1959-இல்தான் ஒன்றிணைந்தன.

கூட்டமாக ஓட்டுவதில் உண்மையான ஆபத்து எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னே செல்பவர் காற்றைக் கிழிப்பதால் பின்னே வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. அந்தச் சுகத்துக்காக ஒருவர் பின் ஒருவராக மிக நெருங்குவார்கள். பின்னவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் உரசினால், விழுவது பெரும்பாலும் பின்னவர்தான். அவருக்குப் பின்னால் வருபவர்கள் அவர்மேல் விழுவார்கள். ஆகவேதான் திடீரென்று பிரேக் பிடிக்காதே, கோடு விலகாதே, குழியைக் கையால் காட்டு, பின்னால் வாகனம் வந்தால் குரல் கொடு என்ற மரபுகள் வளர்ந்தன. இவற்றை எந்த நாடாளுமன்றமும் இயற்றவில்லை.

இதைப் படிக்கையில் என் சிறுவயது நினைவுக்கு வந்தது. செம்பனைத் தோட்டத்திலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு நாங்கள் எழுவர் மிதிவண்டியில் செல்வோம். எங்களில் மூத்த அண்ணன் ஒருவர் முன்னே. "லோரி!" என்று அவர் கத்தினால் எழுவரும் ஒரே வரிசையாகிவிடுவோம். கடைசியில் வருபவன் பின்புறம் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் நான். ஒருநாள் அண்ணனுக்குக் காய்ச்சல். தலைமை இல்லாத மகிழ்ச்சியில் நால்வர் பக்கம் பக்கமாகக் கதை பேசிக்கொண்டு சென்றார்கள். நானும் பின்னால் பார்க்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் ஹாரன் ஒலித்ததும் ஆளுக்கொரு திசையில் ஒடித்தோம். இருவர் கால்வாயில் விழுந்தார்கள். ஒருவனுக்குக் கை முறிந்தது. லோரி ஓட்டுநரைத் தோட்டமே திட்டியது. பின்னால் பார்க்க வேண்டியவன் நான் என்பதை அன்று யாரிடமும் நான் சொல்லவில்லை.

இன்றைய விதிகளுக்கு வருவோம். 2022 ஜனவரி மாதம் ஒரு வேடிக்கையான மாதம். சிங்கப்பூரில் ஜனவரி 1 முதல், மிதிவண்டிக் கூட்டத்தின் நீளம் ஐந்து வண்டிகளுக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது. ஒற்றை வரிசையானால் ஐவர். இருவர் இருவரானால் பதின்மர். ஏறக்குறைய ஒரு பேருந்தின் நீளம் என்பதே கணக்கு. ஒரே தடமுள்ள சாலையிலும், பேருந்துத் தடம் நடப்பில் உள்ள நேரத்தில் அத்தடத்திலும் ஒற்றை வரிசைதான். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு விளக்குக் கம்பங்களின் தூரம், அதாவது ஏறத்தாழ 30 மீட்டர், விடுவது நலம் என்றும் அறிவுறுத்தினார்கள். மீறினால் அபராதம் 75 வெள்ளியிலிருந்து 150 வெள்ளி ஆயிற்று. அதே மாதம் 29-ஆம் நாள், பிரிட்டனின் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை நெறிநூல் நடப்புக்கு வந்தது. இருவர் இணையாகச் செல்லலாம், பெரிய கூட்டத்திலும் பிள்ளைகளுடன் செல்லும்போதும் அதுவே பாதுகாப்பாக அமையக்கூடும் என்றது அது. பின்னால் வருபவர்கள் முந்திச் செல்ல, தக்க நேரத்தில் இடம் விடவும் சொன்னது.

முரண்போலத் தோன்றும். கணக்கு ஒன்றுதான். பத்துப் பேர் ஒற்றை வரிசையில் நீண்டால் காரோட்டி எதிர்த்தடத்தில் அதிக நேரம் இருந்தாக வேண்டும். பொறுமை இழந்து நடுவில் புகுவார். இருவர் இருவரானால் நீளம் பாதியாகும். கூட்டத்தை ஒரே வாகனமாகக் கண்டுவிட்டால் இரு நாட்டு விதியும் விளங்கும். அப்படிக் காண வைப்பது காரோட்டியின் கையில் மட்டுமா இருக்கிறது? நால்வராய்ப் பரவியும் ஆளுக்கொரு பக்கம் ஒடித்தும் சென்றால் எந்த ஓட்டுநரும் அதை ஒரே வாகனமாக எண்ண மாட்டார். மறுபுறம், முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடம் விடாத காரோட்டியிடம் எந்த ஒழுங்கும் செல்லாது. இதையும் சொல்லியே ஆகவேண்டும்.

மறுவாரம் தலைமையாசிரியரின் அனுமதியுடன் எட்டு மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்றேன். முதலில் எட்டு வண்டிகளின் பிரேக்குகளையும் சோதித்தோம். இரண்டில் பின்பிரேக் இல்லை. அவ்விருவரும் அன்று ஓரமாய் நின்று பார்த்தார்கள். மற்ற அறுவரும் மூன்று இணைகளாகத் திடலைச் சுற்றினார்கள். கேள்வி கேட்ட மாணவன் தானே முன்னே செல்வதாகச் சொன்னான். அவனைக் கடைசியில் நிறுத்தி, கழுத்தில் என் விசிலை மாட்டிவிட்டேன். "பின்னால் யாருமே இல்லையே, ஐயா?" என்றான். பார்த்துக்கொண்டே வா என்றேன். மூன்றாம் சுற்றில், திடலோரச் சாலையில் குப்பை லோரி திரும்பியதும் விசில் ஒலித்தது. அறுவரும் ஒற்றை வரிசையானார்கள்.